மின்சாரக் காரில் ஹீட்டர் பாதியில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

டொராண்டோவில் இருக்கிறேன், மின்சாரக் கார் வாங்கி இது முதல் குளிர்காலம். மைனஸ் 15 டிகிரி காலையில் டீஃப்ராஸ்ட் (கண்ணாடிப் பனியை நீக்கும் சூடான காற்று) போட்டால் பத்து நிமிடம் சூடான காற்று வருகிறது, அப்புறம் ஜில்லென்றுதான், கண்ணாடியின் உள்பக்கமே பனி படிந்து உள்ளங்கை அளவு இடம் மட்டும் தெளிவாக இருக்கிறது. நேற்று மகளைப் பள்ளியில் விடும்போது இரண்டு தடவை ஓரங்கட்டி கையுறையால் துடைத்தேன், ரொம்பப் பயமாக இருந்தது. வெளிக்காற்று வரும்படிதான் வைத்திருக்கிறேன், கேபின் ஃபில்டரும் புதிது. வீட்டில் சார்ஜரில் மாட்டியபடியே முன்கூட்டிச் சூடாக்கினால் தெளிகிறது, ஆனால் வேலையிடத்தில் சார்ஜர் இல்லையே. கடுங்குளிரில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் கருவி) திணறும், சரி, துணைக்கு இருக்கும் மின் ஹீட்டர் பழுதா, சூட்டைக் கடத்தும் திரவமான கூலன்ட் குறைவா? சர்வீஸில் குளிருக்கு இப்படித்தான் என்று அனுப்பிவிட்டார்கள். இதைச் சரிசெய்தவர்கள் எதை மாற்றினீர்கள் என்று சொல்லுங்கள்.