13 சின்னன், 2 பெரிசு: நாலாம் ஆண்டுப் பொடியனுக்கு வெள்ளைச் சப்பாத்து எங்கே எடுக்கலாம்?

ஆரையம்பதி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு ஒன்பது வயது, நாலாம் ஆண்டு. வெள்ளைக் கென்வஸ் சப்பாத்து, நாடா கட்டுவது, பக்கத்தில் கோடு கீடு ஒன்றும் இருக்கக்கூடாது. பள்ளிக்கூடம் கேட்பது இவ்வளவுதான். இதற்காகப் போன சனிக்கிழமை காலை எட்டரைக்கு வீட்டை விட்டு இறங்கியவள் பின்னேரம் மூன்றரைக்குத்தான் திரும்பி வந்தேன். காத்தான்குடியில் இரண்டு கடை, பிறகு பஸ் ஏறி கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குள் மூன்று கடை. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. எல்லாம் ஒன்றுதான்.

முதல் கடையில் நின்ற பொடியன் இவனுடைய காலைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்து, “எத்தினையாம் ஆண்டு?” என்றான். நாலாம் ஆண்டு என்றதும் உள்ளே போய் 13 எடுத்துக்கொண்டு வந்தான். அஞ்சாம் ஆண்டு என்றிருந்தால் 1 வந்திருக்கும், புலமைப்பரிசில் பாஸ் என்றால் 2 தந்திருப்பான் போல. இவனுக்குப் பாதம் அகலம், அப்பாவின் கால் அப்படியே. 13க்குள் விரல் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது.

இரண்டாவது கடையில் போட்டுப் பார்க்க ஒரு சொக்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். காசு மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. தொட்டுப் பார்த்தேன், உள்ளே ஈரம். நல்லகாலம் நான் கைப்பையில் இவனுடைய சொக்ஸ் ஒரு சோடி வைத்திருந்தேன். அங்கேயும் 13தான்.

மூன்றாவது கடையில் 1 இருந்தது! கண்ணாடிக்குள் வலது கால் மட்டும். வெயில் பட்டு முன்பக்கம் பழுத்த வாழையிலை நிறத்தில். இடது காலைத் தேடி இரண்டு பொடியன்கள் இருபத்தைந்து நிமிடம் ஏணியில் ஏறி இறங்கினார்கள். கடைசியில் கிடைத்தது இன்னொரு வலது கால்.

கடைசிக் கடைக்கு வரும்போது இவன் அழுகிற நிலையில் நின்றான், நானும்தான். அங்கே நின்ற ஐயா 2 ஐப் போட்டுவிட்டு முன்னுக்குப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். அமத்தினதும் இவன் உள்ளே விரலைச் சுருட்டிவிட்டான், எல்லாப் பிள்ளைகளும் செய்கிற வேலை. “நல்லா இருக்கு புள்ள, முன்னுக்குக் கொஞ்சம் பஞ்சு வைங்க. வளருற பொடியன்தானே, அடுத்த வருசமும் போடலாம்” என்றார். 3,250 ரூபா. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது இரண்டு குதியிலும் கொப்புளம் உடைந்து சொக்ஸில் இரத்தம் ஒட்டியிருந்தது. திருப்பிக் கொடுக்கலாம் என்று பில்லை எடுத்தால் சிவப்பு முத்திரை: விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது.

மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ காலை அளந்து தருகிற கடை இருக்கிறதா? அகலப் பாதத்துக்கு என்ன செய்கிறீர்கள்? 13க்குப் பிறகு ஏன் 1 வருகிறது என்றும் யாராவது சொல்லுங்கள். இவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓட்டமாவடி தம்பி:

அக்கா, எங்கட வாப்பா எனக்கு எப்பவும் இரண்டு இலக்கம் கூடத்தான் எடுப்பார். முதல் வருசம் பஞ்சு, இரண்டாம் வருசம் பஞ்சு இல்லை, மூன்றாம் வருசம் கால் சரியாக இருக்கும், சப்பாத்துக்கு அடி இருக்காது. ஒரு வருசமாவது அளவான புதுச் சப்பாத்துப் போட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

கல்முனைக் கடைக்காரன்:

தங்கச்சி, நான் 22 வருசமாகச் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறேன். நீங்க சொன்ன அந்த ஈரச் சொக்ஸ் கதையை வாசித்துவிட்டு எழும்பிப் போய் எங்கட கடைச் சொக்ஸை எடுத்துத் தோய்க்கப் போட்டேன், உண்மையாக.

முதலில் உங்கட மகனுக்குப் பதில். இது இங்கிலாந்துக் கணக்கு. சின்னப் பிள்ளைகளின் இலக்கம் 4 அங்குலத்தில் பூச்சியமாகத் தொடங்கி 13 வரை போகும். அதோடு நிறுத்திவிட்டுத் திரும்ப 1 என்று தொடங்கும். அதுதான் பெரியவர்களின் வரிசை. ஒவ்வொரு இலக்கத்துக்கும் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடும், எட்டரை மில்லிமீற்றர் என்று வையுங்க. அந்தக் காலத்தில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளத்தை வைத்துப் போட்ட கணக்காம். அப்போ 13ஐ விட்டு 2க்குப் பாய்ந்தால் இரண்டு மணி, 17 மில்லிமீற்றர். பஞ்சு முன்னுக்கு நிரப்பும், குதியைப் பிடிக்காது. கால் மடிகிற இடம் ஒன்று, சப்பாத்து மடிகிற இடம் வேறொன்று. கொப்புளம் வந்தது புதினமில்லை. அந்த ஐயாவுக்கும் இது தெரிந்திருக்கும், கையில் 1 இல்லை என்று சொல்ல மனம் வந்திருக்காது.

ஏன் கையில் இல்லை? ஹோல்சேல்காரரிடம் எடுக்கும்போது எனக்கு இலக்கம் கலந்த கார்ட்டன்தான் வரும். 1 மட்டும் இருபது சோடி தாங்க என்றால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் தொடங்குகிற கிழமையிலேயே 12, 13, 1 மூன்றும் முடிந்துவிடும். மிச்சம் கிடப்பது 8ம் 5ம். அதைத் தட்டில் வைத்துக்கொண்டே அடுத்த கார்ட்டனுக்குக் காசு கட்டவேணும். அரை இலக்கம் எங்களுக்கு வருவதே இல்லை. அகலம் கேட்டால் அதுவும் இல்லை. கென்வஸில் எனக்கு வருகிறது எல்லாம் ஒரே அகலம்.

அகலக் காலுக்கு ஒரு வேலை செய்யலாம். நாடாவை அடியிலுள்ள முதல் சோடித் துளையை விட்டுவிட்டு இரண்டாவதில் இருந்து கோர்த்துக் கட்டுங்க. விரல் பக்கம் துணி இளகும். ஒட்டுப்பட்டி வைத்ததில் இதைச் செய்ய ஏலாது.

அளப்பது பின்னேரம். காலையில் அளந்தால் கால் சாடையாகச் சின்னனாக இருக்கும். சொக்ஸோடு சுவரில் குதியை முட்டி நிற்கவைத்து, இருக்கவைத்து இல்லை, அடிமட்டத்தால் நீண்ட விரல் வரை அளந்து பாருங்க. நீண்டது எப்பவும் பெருவிரலாக இருக்கவேணும் என்றில்லை. இரண்டு காலும் அளந்து பெரியதை எடுங்க. அதோடு 12 மில்லிமீற்றர் கூட்டினால் சப்பாத்தின் உள்நீளம்.

செங்கலடி அண்ணா:

திருப்பி எடுக்கப்படமாட்டாது என்ற முத்திரையைக் கண்டு எல்லாவற்றுக்கும் பயப்பட வேண்டாம் தங்கச்சி. அளவு பிழைத்ததற்கு ஒன்றும் செய்ய முடியாது, அது கடைக்காரரின் மனசு. ஆனால் இரண்டு கிழமையில் அடி கழன்றால் அது சாமானின் பிழை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்குப் போன் அடிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். பில்லை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

கல்முனைக் கடைக்காரன்:

அண்ணன், முதல்ல கடைக்கு வந்து சொல்லட்டும், பிறகு 1977.

ஆரையம்பதி அம்மா:

நன்றி அண்ணா. நேற்று ஆறு மணிக்கு அளந்தேன். இடது 20.0, வலது 20.4 சென்ரிமீற்றர். 12 மில்லிமீற்றர் கூட்டினால் 21.6. நான் வாங்கின 2க்குள் அளப்பதற்கு அடிமட்டம் போகவில்லை. விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கில் உருவி, குதியில் இருந்து முன்னுக்கு முட்டும்வரை விட்டு, நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்து அளந்தேன். 22.8. பிள்ளை என்ன, நானே அதற்குள் கால் விட்டுப் பார்க்கலாம்.

பிறகு எனக்கு விசர் பிடித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் 13ஐ வாங்கி ஈர்க்கில் விட்டேன், 20.8. தங்கச்சி மகளுடையது வேறு கம்பனி, அதுவும் 13. அது 21.3. ஒரே இலக்கத்துக்குள் அரை சென்ரிமீற்றர் வித்தியாசம். அப்போ இலக்கத்தை நம்பி என்ன பிரயோசனம்?

ஈஸ்ட்ஹாம் மாமி:

மகள், நான் களுவாஞ்சிகுடிதான், இப்போது லண்டனில் பேரப்பிள்ளைகளோடு. இங்கே அளக்கிறார்கள் என்று நினைத்து ஏங்காதே. செப்டம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கும். ஓகஸ்ட் கடைசிக் கிழமை கடைக்குப் போனால் வாசலில் துண்டு தருவார்கள், 64 என்று. உள்ளே 31 ஓடுகிறது. ஒரு பிள்ளை நிலத்தில் புரளும், ஒன்று தட்டில் இருந்து சப்பாத்தை எல்லாம் இழுத்துப் போடும். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு கடையில் வேலை செய்கிற ஒரு பிள்ளை வந்து சறுக்குப் பலகை மாதிரி ஒரு கருவியில் காலை வைத்து நீளம் அளந்து, நாடாவால் அகலமும் அளக்கும். அகலத்துக்கு எஃப், ஜி, எச் என்று எழுத்து இருக்கு. என் பேத்திக்குப் பன்னிரண்டரை, எச். எழுதிக்கொண்டு உள்ளே போய் வெறுங்கையோடு வந்து, “சொறி, எச் முடிஞ்சுது” என்றது. வேறு கடையில் எடுத்தோம், கறுப்பு, 48 பவுண். பிள்ளைகளின் சப்பாத்துக்கு இங்கே வட் வரி இல்லை, அதற்கே 48. வரி இல்லாததும் அளவைப் பொறுத்துத்தான்: பெண்பிள்ளைக்கு ஐந்தரை வரை, ஆண்பிள்ளைக்கு ஆறரை வரை. என் பெரிய பேரனுக்குப் பதினொரு வயதிலேயே 7. பள்ளிக்கூடப் பொடியன், ஆனால் வரிக்காரனுக்கு அவன் பெரிய ஆள்.

உன் ஈர்க்கில் எனக்குப் பிடித்திருக்கு. இங்கே விளக்குமாறுதான் இல்லை.

திருக்கோவில் டீச்சர்:

எங்கள் பள்ளிக்கூடத்தில் 140 பிள்ளைகள். 250 பேருக்குக் குறைந்த பள்ளிக்கூடம் என்பதால் 3000 ரூபா சப்பாத்து வவுச்சர் கிடைத்தது. சீருடைத் துணியும் புத்தகமும் கையில் வந்துவிடுகிறது, சப்பாத்து மட்டும் கடதாசியாக வரும். அதை முடிவு திகதிக்குள் மாற்றவேண்டும், ஆகவே எல்லாப் பெற்றோரும் ஒரே கிழமையில் கடைக்குப் போவார்கள். அதற்குள் 13ம் 1ம் மிஞ்சுமா?

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. தகப்பன் கட்டாரில், தாய் வயல் வேலையில். அதனால் நான் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையையும் பழைய கொப்பித் தாளில் நிற்கவைத்துக் காலைச் சுற்றிக் கீறி, பெயர் எழுதிக் கொடுத்துவிடுவேன். பென்சிலை நேராகப் பிடிக்கவேண்டும். உள்ளுக்குச் சரித்தால் பாதம் சின்னனாகும், வெளியே சரித்தால் யானைக்கால். முதல் வருடம் நான் எல்லாருக்கும் யானைக்கால்தான் கீறிக் கொடுத்தேன். அந்த வருடம் காலைக் கூட்டத்தில் சறக் சறக் என்று ஒரு சத்தம் கேட்கும்.

இன்னொன்று. மழைக்காலத்தில் எங்கள் பிள்ளைகள் சப்பாத்தைச் சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு செருப்போடு வருவார்கள், பைப்படியில் கால் கழுவிப் போட்டுக்கொள்வார்கள். நனைந்த வெள்ளைச் சப்பாத்தைக் கழுவியபின் ரிசூப் பேப்பரால் முழுக்கச் சுற்றிக் காயவையுங்கள். மஞ்சள் கறை பேப்பரில் ஊறிவிடும், சப்பாத்து வெள்ளையாக இருக்கும். உள்ளே பேப்பர் அடைக்கலாம், ஆனால் பத்திரிகைத் தாள் வேண்டாம். எங்கள் ஒரு பொடியனின் சப்பாத்துக்குள் தலைப்புச் செய்தி வாசிக்கலாம்.

ஆரையம்பதி அம்மா:

டீச்சர், அந்தச் சறக் சறக் சத்தம் எங்கள் வீட்டிலும் மூன்று நாள் கேட்டது.

கிடைத்துவிட்டது. ஈர்க்கிலை 21.6க்கு வெட்டி, முனையில் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேற்றுப் பின்னேரம் களுவாஞ்சிகுடிக்குப் போனேன். மகனைக் கூட்டிப்போகவில்லை, அவனுக்கு நிம்மதி, எனக்கும். சந்தைப் பக்கம் ஒரு சின்னக் கடை. “1 இருக்கா” என்று கேட்டு, அவர் எடுத்துத் தந்ததும் ஈர்க்கிலை உள்ளே விட்டேன். கடைக்காரர் சுவரில் சாய்ந்து நின்றவர் நிமிர்ந்துவிட்டார். முதல் சோடிக்குள் ஈர்க்கில் வளைந்தது. இன்னொரு கம்பனியின் 1, அதற்குள் நேராகக் கிடந்து முன்னுக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் மிஞ்சியது. 2,900 ரூபா. இடது காலும் வலது காலும்தானா என்று இரண்டு தரம் பார்த்துத்தான் காசு கொடுத்தேன்.

நாடாவை முதல் துளை விட்டுக் கோர்த்திருக்கிறேன். இன்றைக்குக் கொப்புளம் இல்லை. “விரல் எல்லாம் தனித்தனியா இருக்கும்மா” என்றான்.

அந்த 2ஐப் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அளந்து பார்ப்பேன். அடுத்தது மகளுக்கு, இரண்டாம் ஆண்டு, அவளுடைய ஈர்க்கிலும் வெட்டியாயிற்று. விளக்குமாறுதான் மெலிந்துகொண்டு போகிறது.

கல்முனைக் கடைக்காரன்:

தங்கச்சி, காய்ந்த ஈர்க்கில்தானே? பச்சை ஈர்க்கில் என்றால் வளையும், கவனம். எனக்கும் 13க்கு ஒன்று, 1க்கு ஒன்று வெட்டிக் காசு மேசையில் வைத்திருக்கிறேன். ஆணியில் இப்போது புதுச் சொக்ஸ்.