அப்பா போன பிறகு அம்மா சமைப்பதையே விட்டுவிட்டார், பழைய சாப்பாட்டு முறை மனசுக்கு உதவுமா?

கரிசல்மண்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறேன். போன ஆடியில் அப்பா தவறிவிட்டார். அம்மாவுக்கு 66 வயது, ஊரைவிட்டு வரமாட்டேன் என்று அங்கேயே இருக்கிறார். அப்பா போனதிலிருந்து அடுப்பங்கரைப் பக்கமே போவதில்லை. காலையில் டீயும் பன்னும், மத்தியானம் சமைக்க வரும் அக்கா வைத்துவிட்டுப் போகிற சோற்றில் ரசத்தை ஊற்றி நாலு வாய், ராத்திரி மறுபடியும் டீ. ஆள் மெலிந்துவிட்டார். யாரிடமும் அதிகம் பேசுவதும் இல்லை. முன்பெல்லாம் எங்கள் வீட்டில் உளுத்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் என்றால் தெருவில் நாலு வீட்டுக்குத் தூக்குவாளியில் போகும், அப்படிப்பட்டவர்.

சொந்தக்காரர்கள் வாட்ஸப்பில் கம்பங்கூழ், பழையசோறு என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். மனநிலையோடு சம்பந்தப்பட்ட செரட்டோனின் என்கிற வேதிப்பொருள் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறதாம், அதனால் பழைய உணவுக்கு மாறினால் மனச்சோர்வு தானாகப் போய்விடுமாம். இதில் எவ்வளவு உண்மை? நான் என்ன செய்யலாம்? சர்க்கரைக்குப் பல வருடங்களாக மாத்திரை எடுக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வைகைக்கரை:

தம்பி, நான் மதுரையில் செவிலியராக இருக்கிறேன். முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். சர்க்கரை மாத்திரையில் சில வகை, சாப்பிடாமல் போட்டால் சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்கிவிடும். கிளிமிபிரைடு அந்த ரகம். டீயும் பன்னுமாக இருப்பவர் பழைய அளவிலேயே மாத்திரை போடுகிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்றால் வேறு விஷயம், அது வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தால் அசதி, மறதி, எதிலும் பிடிப்பில்லாமல் போவது எல்லாம் வரும், துக்கம்தான் காரணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

செரட்டோனின் கதைக்கு வருகிறேன். உடம்பில் இருக்கும் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருப்பது உண்மைதான், ஆனால் அது அங்கிருந்து மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானேதான் செய்துகொள்கிறது. அதனால் கூழ் குடித்தால் மனச்சோர்வு போகும் என்பது நேர்க்கோடு போட்டுச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

அதற்காக உணவுக்கும் மனதுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு முழு தானியம், பருப்பு வகை, காய்கறி, மீன் என்று சாப்பிட வழிகாட்டினார்கள், இன்னொரு குழுவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் குழுவில் சுமார் 32 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள், மற்றதில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதுவும் பெரும்பாலானோர் ஏற்கெனவே மருந்தோ ஆலோசனையோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள். சிகிச்சையோடு சேர்ந்து நல்ல சாப்பாடு கைகொடுக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ச் சாப்பாட்டில் இதெல்லாம் இருக்கிறது: கம்பு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, மத்தி மீன். கீரை சாப்பிட்ட கையோடு டீ குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து சரியாகச் சேராது. கூழாகக் கரைத்துக் குடித்தாலும் சர்க்கரை ஏறும், அளவு பார்க்க வேண்டும்.

காவிரிப்பெண்:

வைகைக்கரை அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் சத்தைப் பற்றிப் பேசவில்லை, வேறு ஒன்று சொல்ல வேண்டும்.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் இல்லையா, பங்காளி வீட்டிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் சாப்பாடு வரும், கூடவே யாராவது உட்கார்ந்து "ஒரு வாய் சாப்பிடு" என்று கட்டாயப்படுத்துவார்கள். துக்கத்தில் இருப்பவருக்குத் தானாகப் பசிக்காது, தானாகச் சமைக்கவும் தோன்றாது என்று நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் அந்தப் பொறுப்பை ஊரே எடுத்துக்கொண்டது. ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தனை பேரும் கிளம்பிவிடுகிறோம். முன்பு கூட்டுக் குடும்பமாக இருந்ததால் அதற்குப் பிறகும் கூடச் சாப்பிட வீட்டில் ஆள் இருந்தது. இப்போது பதினேழாம் நாள் அந்த அம்மா தனியாக ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறார். உங்கள் அம்மா விட்டது சமையலை என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்காகச் சமைப்பது என்பது போய்விட்டது.

என் மாமியாருக்கும் இப்படித்தான் ஆனது (நாங்கள் கும்பகோணம் பக்கம்). "நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று எல்லா வேலையையும் வாங்கிக்கொண்டோம், இன்னும் ஒடுங்கிப்போனார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் சின்ன வெங்காயத்தை மூட்டையாகக் கொண்டுவந்து முன்னால் கொட்டி, "எனக்கு வடகத்துக்குப் பக்குவம் வராது, நீதான் போட்டுத் தரணும்" என்றார். இரண்டு பேருமாகத் திண்ணையில் உட்கார்ந்து உரித்தார்கள். வெங்காயம், பூண்டு, கடுகு, சீரகம், வெந்தயம், உளுந்து எல்லாம் சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் மொட்டைமாடியில் காயவைத்து, சாயங்காலம் அது விட்ட தண்ணீரிலேயே மறுபடி பிசைந்து உருட்டி, மறுநாள் மறுபடி காயவைக்க வேண்டும், கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டுவார்கள். ஒரு நாளில் முடியாத வேலை. அதனால் தினமும் அந்தப் பெரியம்மா வந்துதான் ஆக வேண்டும், இவரும் மாடி ஏறி வெயிலில் நின்றுதான் ஆக வேண்டும். காக்காயை விரட்ட ஆள் வேண்டும் என்று எங்கள் பையனையும் கூப்பிட்டுக்கொண்டார். அழுதார்தான், வெங்காயம் உரிக்கும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அந்த வாரத்தில்தான் மாமாவைப் பற்றி முதன்முதலாக வாயைத் திறந்து பேசினார்.

பனங்கூடல்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். காவிரிப்பெண் சொல்வது எங்கட பக்கமும் அப்படியே பொருந்தும். செத்த வீட்டில் அடுப்பு எரிப்பதில்லை, அயலட்டைதான் சாப்பாடு கொண்டுவரும்.

நான் சொல்ல வந்தது ஒடியல் கூழைப் பற்றி (ஒடியல் என்றால் காயவைத்த பனங்கிழங்கு). அதைத் தனி ஒரு ஆளுக்கு யாரும் காய்ச்சமாட்டார்கள். ஒடியல் மாவை ஊறவைத்துத் தண்ணீரை வடித்து எடுக்க ஒருவர், நண்டும் இறாலும் மீனும் துப்புரவாக்க இன்னொருவர், பலாக்கொட்டை உரிக்கச் சின்னப் பிள்ளைகள், மரவள்ளியும் பயற்றங்காயும் வெட்ட இரண்டு பேர், பழப்புளியும் செத்தல் மிளகாயும் பதம் பார்க்க வயதான ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். காய்ச்சி முடிந்ததும் முற்றத்தில் சுற்றி இருந்து பலா இலையைக் கோலிக் குடிப்போம். போரில் ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் எங்கட ஊரில் எத்தனையோ. வாயால் ஆறுதல் சொல்லப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆட்கள்கூட, "இண்டைக்குக் கூழ், வாங்கோ, புளி சரியோ எண்டு பாருங்கோ" என்று கூப்பிட்டால் வருவார்கள். வந்தால் கதைப்பார்கள். கதைக்காவிட்டாலும் வயிறு நிறையச் சூடாகக் குடித்துவிட்டுப் போவார்கள்.

தம்பி, ஊருக்குப் போகும்போது அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போகாதீர்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாடிவீடு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். கரிசல்மண், உங்கள் அம்மாவுக்குச் சமையல் பிடித்திருந்ததா, இல்லை கடமைக்குச் செய்தாரா? நிஜமாகக் கேட்டிருக்கிறீர்களா? நாற்பது வருடம் மூன்று வேளையும் அடுப்படியில் நின்ற ஒரு பெண், புருஷன் போன பிறகு "இனி என்னால் முடியாது" என்று கரண்டியைக் கீழே வைத்தால் அது நோயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. என் அம்மா அப்படித்தான் வைத்தார், இன்றைக்குக் கோவில், பஜனை, தங்கை வீடு என்று நிம்மதியாக இருக்கிறார். பாரம்பரியச் சமையல் மனசுக்கு நல்லது என்று நாம் பேசும்போதெல்லாம் அம்மியில் அரைத்தது யார், கடைசியில் மிச்சமீதியைச் சாப்பிட்டது யார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

உங்கள் அம்மா விஷயத்தில் மெலிந்துபோனதும் பேச்சைக் குறைத்ததும் கவலைப்பட வேண்டியதுதான், மனநல மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆனால் குணப்படுத்துகிறேன் என்று மறுபடி அடுப்படிக்குள் தள்ளிவிடாதீர்கள். சமைக்க வேண்டாம் என்றால் சரி, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருந்தால் போதும். நீங்களே சமைத்துப் போடலாமே, ஆண்பிள்ளைக்கு உளுத்தம்பருப்புச் சோறு வராதா என்ன?

வைகைக்கரை:

மாடிவீடு சொன்னது முக்கியமான விஷயம். மருத்துவர் பற்றிக் கேட்டால்: மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், அங்கே காட்டலாம். அதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம், நீங்களும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். "வாழ்ந்து என்ன ஆகப்போகிறது" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் மட்டும் நாள் கடத்தாதீர்கள்.

கரிசல்மண்:

எல்லோருக்கும் நன்றி. மாத்திரை விஷயம் கேட்டேன், பழைய அளவிலேயேதான் போட்டுக்கொண்டிருக்கிறார், கிளிமிபிரைடும் இருக்கிறது. வரும் சனிக்கிழமை டாக்டரிடம் போகிறோம், அதுவரை மாத்திரையை எப்படிப் போடுவது என்று போனில் கேட்டுவிட்டேன். இரத்தப் பரிசோதனைக்கும் சொல்லியாகிவிட்டது.

மாடிவீடு கேட்ட கேள்வியை அப்படியே அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தினம் பொங்குறது பிடிக்காது, மோர்மிளகாய் போடப் பிடிக்கும்" என்றார். இப்போது பங்குனி வெயில் நன்றாக அடிக்கிறது, சித்தியையும் அழைத்துக்கொண்டு போகிறேன். சனிக்கிழமை சோறு நான்தான் பொங்குவேன். காவிரிப்பெண் அக்கா, மோர்மிளகாய்க்கு எந்த மிளகாய் வாங்குவது?

காவிரிப்பெண்:

குட்டையாக, குண்டாக இருக்கும் பச்சை மிளகாய், காம்போடு. மீதியை என்னிடம் கேட்காதீர்கள், அம்மாவிடம் கேளுங்கள்.