புல்லட் 350: ஸ்போக் வீலுக்கு அலாய் ரிம் போட்டால் பழைய கம்பி பொருந்துமா?

தூத்துக்குடி_350:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய எண்பதுகளின் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. எஞ்சின் வேலை முடிந்துவிட்டது, வீல்தான் பாக்கி. உப்புக்காற்றில் குரோம் ரிம் இரண்டும் நிப்பிளை (கம்பி நுனியை ரிம்மில் பிடித்திருக்கும் சின்ன நட்டு) சுற்றிப் பொரிந்துபோய், டயரைக் கழற்றினால் துரு ஏடு ஏடாக உதிர்கிறது. வார்ப்பு அலாய் வீல் எனக்கு வேண்டாம், அந்த வண்டியின் முகமே மாறிவிடும். ஹப்பை (வீலின் நடுக்குடம்) அப்படியே வைத்துக்கொண்டு 19 இன்ச், 40 ஓட்டை அலாய் (அலுமினிய) ரிம் வாங்கி ஸ்போக் கட்டலாம் என்று எண்ணம். ஒரு கடையில் பழைய கம்பியே போதும், ரிம்மை மட்டும் மாற்றித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் கம்பி புதிதாக அளவெடுத்துத்தான் போட வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி? அப்படியே டியூப்லெஸ் ஆக்க முடியுமா?

மதுரை_பட்டறை:
தம்பி, இரண்டாமவர் சொல்வதுதான் சரி. அலாய் ரிம் இரும்பு ரிம்மைவிடத் தடிமன், அதனால் நிப்பிள் உட்காரும் இடமே மாறிவிடும், சில மில்லிமீட்டர்தான் என்றாலும் அதுவே போதும். கம்பி நீளம் கூடினால் நுனி நிப்பிளைத் தாண்டி வந்து டியூபைக் குத்தும், குறைந்தால் இரண்டு மூன்று மரைதான் பிடித்திருக்கும், ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பிய்த்துக்கொள்ளும்.

அதைவிட முக்கியம் ரிம்மில் ஓட்டை போட்டிருக்கும் சாய்வு. 40 ஓட்டை இருக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதே. ஒவ்வொரு ஓட்டையும் ஹப்பின் எந்தப் பக்கம், எந்தத் திசையில் இருந்து கம்பி வருகிறதோ அதைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். இரும்புத் தகட்டு ரிம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அலாய் கொடுக்காது. வேறு வண்டி ஹப்புக்கு ஓட்டை போட்ட ரிம் என்றால் கம்பி நிப்பிளின் வாயிலேயே மடங்கி நிற்கும், கட்டி முடித்ததும் வீல் நேராகத்தான் ஓடும், கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாக மரையில் முறிய ஆரம்பிக்கும். ஹப்பைக் கையோடு எடுத்துப்போய் ரிம்மோடு வைத்துப் பார், இல்லையென்றால் ஓட்டை போடாத ரிம் வாங்கி, உன் ஹப்பைக் கொடுத்துப் போடச் சொல். எக்செல், போரானி என எந்தக் கம்பெனி ரிம் ஆனாலும் இந்த விஷயத்தில் பெயர் உதவாது.

இன்னொன்று, பழைய வீலைப் பிரிக்கும் முன்னால் ஆஃப்செட், அதாவது ஹப்பில் இருந்து ரிம் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அளந்து வை. ஹப்பின் பிரேக் பக்கத்து விளிம்பில் நேரான பட்டை ஒன்றைக் குறுக்கே வைத்து, அதில் இருந்து ரிம் விளிம்புவரை எவ்வளவு என்று குறித்துக்கொள். புது ரிம் அகலம் வேறாக இருந்தால் ரிம்மின் நடுக்கோட்டைக் கணக்கில் எடு. கம்பி பின்னலில் ஒரு கம்பி எத்தனை கம்பியைக் குறுக்கே தாண்டுகிறது, எது உள்கம்பி எது வெளிக்கம்பி என்று இரண்டு பக்கமும் போட்டோ எடு. பட்டறையில் அவசரத்தில் கம்பியை வெட்டிப் போட்டுவிட்டால் இந்த அளவு திரும்பக் கிடைக்காது.

டியூப்லெஸ் யோசனையை விட்டுவிடு. நிப்பிள் ஓட்டை வழியாகக் காற்று போகும். பசை பூசி அடைப்பவர்கள் உண்டு, ஆனால் கோட்டம் எடுக்க (வீல் கோணலைச் சரிசெய்ய) நிப்பிளைத் திருப்பினாலே அது விட்டுப்போகும்.

கடலோரம்_ரைடர்:
ஓட்டை சாய்வு பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்கள் தூத்துக்குடி என்பதால் ஒரு விஷயம். அலாய் துருப்பிடிக்காது, ஆனால் உப்பு ஈரத்தில் வேறு உலோகம் ஒட்டி இருக்கும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்து அரித்துக்கொண்டே போகும், அதுவும் நிப்பிள் அடியில்தான் முதலில். ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு ஸ்டெயின்லெஸ் நிப்பிளே போட்டால் இறுக்கும்போது மரை ஒன்றையொன்று கடித்துக்கொண்டு அசையாது. நிக்கல் பூசிய பித்தளை நிப்பிள் போடுங்கள், மரையிலும் நிப்பிள் உட்காரும் குழியிலும் ஆன்டி-சீஸ் (உலோகம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவிக் கட்டச் சொல்லுங்கள். ஆனோடைஸ் செய்த (மேலே பாதுகாப்புப் படலம் ஏற்றிய) ரிம் கிடைத்தால் வெறும் பாலிஷ் ரிம்மைவிட அது நல்லது.

தூத்துக்குடி_350:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். ஹப்பைக் கழற்றி எடுத்துப்போகிறேன். கட்டிய பிறகு சரியாக இருக்கிறதா என்று நான் வீட்டில் எப்படிப் பார்ப்பது?

மதுரை_பட்டறை:
வண்டியிலேயே பார்க்கலாம். வீலைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்து, ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி நுனி ரிம்மைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்து மெதுவாகச் சுற்று. எங்கே உரசுகிறதோ அங்கே தள்ளி இருக்கிறது. பக்கவாட்டுக்கு ஒரு முறை, மேல் கீழுக்கு ஒரு முறை. சர்வீஸ் புத்தகங்களில் பொதுவாக 2 மி.மீ. வரை விடுவார்கள், புதிதாகக் கட்டிய வீல் அரை மில்லிமீட்டருக்குள் வராவிட்டால் வாங்காதே. மேல் கீழ் கோட்டத்தை முதலில் எடுத்துவிட்டுத்தான் பக்கத்துக்கு வர வேண்டும், மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரி செய்ய மற்றது போகும்.

அப்புறம் சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டு. ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி 'டிங்' என்று கேட்க வேண்டும், 'டொக்' என்றால் அது தளர்வு. டயர் மாட்டும் முன் உள்ளே விரலால் தடவிப் பார், நிப்பிளுக்கு மேல் கம்பி நுனி தட்டுப்பட்டால் அரத்தால் ராவிவிட்டு ரிம் டேப் போடு. டயர் மாட்டுபவரிடம் இரும்பு லீவருக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டு வைக்கச் சொல், அலாய் விளிம்பு சட்டென்று கீறும். ஓட்ட ஆரம்பித்து 300 முதல் 500 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை திரும்பத் தட்டிப் பார்த்து, தளர்ந்ததைக் கால் திருப்புக்கு மேல் போகாமல் இறுக்கு.