லாகின் பக்கம் சுழன்றுகொண்டே இருக்கிறது, நடுநடுவே டேட்டாபேஸ் பிழை: சொந்த சர்வரில் வேர்ட்பிரஸ், உதவி தேவை

பூங்கார்:
எல்லோருக்கும் வணக்கம். சர்வர் வேலைக்கு நான் புதுசு, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து பாரம்பரிய நெல் விதைகளைப் பாதுகாத்து வருகிறோம். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என ஒவ்வொரு ரகத்துக்கும் படங்களும் சாகுபடிக் குறிப்புகளும் போட ஒரு தளம் வேண்டுமென்று மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) எடுத்தேன். 1 ஜிபி ராம், உபுண்டு 22.04, பக்கங்களை அனுப்ப என்ஜின்எக்ஸ், டேட்டாபேஸுக்கு மரியாடிபி, அதன்மேல் தளத்தை நடத்த வேர்ட்பிரஸ். யூடியூப் வீடியோக்களைப் பார்த்துத்தான் எல்லாம் ஏற்றினேன், நன்றாகவே ஓடியது.

முகவரியில் பூட்டுச் சின்னம் வரவில்லை என்று உறுப்பினர்கள் கேட்க ஆரம்பித்ததால் வாசகருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் இலவச ப்ராக்ஸி சேவை ஒன்றை முன்னால் வைத்தேன். பூட்டு வந்துவிட்டது, ஆனால் தளம் வண்ணம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தும் நீல இணைப்புகளுமாகத் தெரிந்தது. செட்டிங்ஸில் வேர்ட்பிரஸ் முகவரி, தள முகவரி இரண்டையும் எச்டிடிபிஎஸ் (மறையாக்கம் உள்ள வழி) என்று மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். வடிவம் சரியாகிவிட்டது, ஆனால் அந்த நொடியே என்னை வெளியே தள்ளிவிட்டது. இப்போது லாகின் பக்கத்தைத் திறந்தால் ரீடைரக்ட் (வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவது) அதிகமாகிவிட்டது என்று குரோம் சொல்கிறது. முகப்புப் பக்கம் மட்டும் திறக்கிறது. அதுவும் எப்போதும் இல்லை, சில நேரம் டேட்டாபேஸோடு இணைக்க முடியவில்லை என்று வெள்ளைத் திரையில் ஒரு வரி வரும், கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். கடவுச்சொல் மாற்றும் மெயிலும் வருவதில்லை. டேட்டாபேஸ் கெட்டுப்போனதால்தான் லாகின் ஆகவில்லையா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாமா என்று யோசிக்கிறேன்.

தேனிக்காரன்:
முதலில் குக்கி, கேச் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு பிரவுசரில் பாருங்க. அப்படியும் வரலைன்னா சர்வருக்குள் போய் பிளக்இன்ஸ் ஃபோல்டருக்கு வேறு பெயர் வைங்க, எல்லா பிளக்இன்னும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். எனக்கு இப்படித்தான் சரியாச்சு.

பூங்கார்:
நன்றி அண்ணா. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், போனில் வேறு நெட்வொர்க்கிலும் பார்த்தேன். அதே சுழற்சிதான்.

லினக்ஸ்வாத்தியார்:
எதையும் அழிக்காதீர்கள். பிளக்இன் ஃபோல்டரின் பழைய பெயரையும் திரும்ப வைத்துவிடுங்கள், அது இதில் குற்றவாளி இல்லை.

உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒரே வாரத்தில் வந்ததால் ஒன்றாகத் தெரிகிறது. டேட்டாபேஸ் உண்மையிலேயே கெட்டிருந்தால் முகப்புப் பக்கமும் எப்போதுமே வராது. கெட்ட டேட்டாபேஸ் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாவதும் இல்லை. அதனால் அதை அப்புறம் பார்ப்போம், முதலில் லாகின்.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிய தடயம் முகப்பு திறக்கிறது, லாகின் மட்டும் சுழல்கிறது என்பதுதான். செட்டிங்ஸில் உள்ள வேர்ட்பிரஸ் முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், லாகினும் அட்மினும் கட்டாயம் எச்டிடிபிஎஸ் வழியாகத்தான் வர வேண்டும் என்று வேர்ட்பிரஸ் தானே முடிவெடுத்துக்கொள்ளும். முகப்புக்கு அந்தக் கட்டாயத்தை வைக்காது. அதனால்தான் ஒன்று திறக்கிறது, மற்றது திறப்பதில்லை. இப்போது கேள்வி, நீங்கள் எச்டிடிபிஎஸ் போட்டுத்தானே திறக்கிறீர்கள், பிறகு ஏன் வேர்ட்பிரஸுக்கு அது தெரியவில்லை?

ப்ராக்ஸி சேவையின் எஸ்எஸ்எல் பகுதியில் எந்த முறை தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் சர்வரில் கர்ல் கட்டளையை ஆங்கிலப் பெரிய ஐ (-I) விருப்பத்தோடு சேர்த்து, உங்கள் தளத்தின் லாகின் முகவரிக்கு ஓட்டுங்கள். பக்கம் வராது, பதிலின் தலைப்பு வரிகள் மட்டும் வரும். அதை அப்படியே இங்கே போடுங்கள், ஐபி முகவரி இருந்தால் மறைத்துவிடுங்கள்.

பூங்கார்:
சார், எஸ்எஸ்எல் பகுதியில் ஃப்ளெக்ஸிபிள் என்று இருக்கிறது. கர்லில் வந்தவற்றில் எனக்குப் புரிந்தவை: முதல் வரியில் 302, லொகேஷன் என்ற வரியில் அதே லாகின் முகவரி எச்டிடிபிஎஸ்ஸோடு, அப்புறம் எக்ஸ்-ரீடைரக்ட்-பை என்ற வரியில் வேர்ட்பிரஸ் என்று இருக்கிறது.

லினக்ஸ்வாத்தியார்:
அந்தக் கடைசி வரி ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. திருப்பிவிடுவது என்ஜின்எக்ஸும் இல்லை, ப்ராக்ஸியும் இல்லை, வேர்ட்பிரஸ்தான். 2019இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தான் செய்யும் ரீடைரக்டில் இப்படிக் கையெழுத்துப் போட்டுவிடும். இந்த வரியைப் பார்க்காமல் என்ஜின்எக்ஸ் கோப்பைக் கிண்டிக்கொண்டே நாள் கழிப்பவர்கள் நிறையப் பேர்.

நடப்பது இதுதான். ஃப்ளெக்ஸிபிள் முறையில் உங்கள் பிரவுசருக்கும் ப்ராக்ஸிக்கும் நடுவில் மட்டும்தான் எச்டிடிபிஎஸ். ப்ராக்ஸி உங்கள் சர்வரிடம் சாதா எச்டிடிபியில் 80ஆம் போர்ட்டில் வந்து கேட்கிறது. வேர்ட்பிரஸ் அதைப் பார்த்து, இது பாதுகாப்பான வழி இல்லை, எச்டிடிபிஎஸ்ஸில் வா என்று திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வருகிறது, ப்ராக்ஸி மறுபடியும் எச்டிடிபியாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. குரோம் 20 தடவை பார்த்துவிட்டு விட்டுவிடும்.

முதலில் வண்ணம் போனதற்கும் இதே காரணம்தான். பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் வந்தது, ஆனால் வேர்ட்பிரஸ் சிஎஸ்எஸ் இணைப்புகளை எச்டிடிபி என்று எழுதிக் கொடுத்தது, பிரவுசர் அவற்றைத் தடுத்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃப்ளெக்ஸிபிளில் பூட்டுச் சின்னம் தெரிந்தாலும் ப்ராக்ஸியிலிருந்து உங்கள் சர்வர் வரைக்கும் கடவுச்சொல் மறையாக்கம் இல்லாமல்தான் போகிறது. லாகின் உள்ள எந்தத் தளத்துக்கும் இந்த முறை கூடாது என்பது என் கருத்து. வீடியோ போடுபவர்கள் இதைச் சொல்வதே இல்லை, பூட்டு வந்ததும் தம்ஸ் அப் காட்டி முடித்துவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: ப்ராக்ஸியைச் சற்று நேரம் அணைத்து டிஎன்எஸ் மட்டும் என்று வையுங்கள். சர்வரில் சான்றிதழ் வாங்கித்தரும் செர்ட்பாட் கருவியை நிறுவி, அதன் என்ஜின்எக்ஸ் துணையையும் போட்டு, லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வாங்குங்கள், காசு கிடையாது. ஃபயர்வாலில் 80, 443 இரண்டும் திறந்திருக்க வேண்டும். விபிஎஸ் கொடுத்தவரின் பக்கத்திலும் தனியாக ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அதையும் பாருங்கள். ப்ராக்ஸியை அணைத்த நிலையில் தளம் எச்டிடிபிஎஸ்ஸில் திறக்கிறதா, லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகு ப்ராக்ஸியைத் திரும்பப் போட்டு, முறையை ஃபுல் ஸ்ட்ரிக்ட் என்று மாற்றுங்கள். ஃபுல் என்று மட்டும் வைத்தால் காலாவதியான சான்றிதழையும் அது ஏற்றுக்கொள்ளும்.

தேனிக்காரன்:
சார், டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், வாசகர் வந்தது எச்டிடிபிஎஸ்ஸிலா என்று ப்ராக்ஸி சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ தலைப்பைப் பார்க்கும் மூன்று வரியைப் போட்டால் உடனே சரியாகுமே? சான்றிதழ் எல்லாம் எதற்கு?

லினக்ஸ்வாத்தியார்:
சுழற்சி நிற்கும், உண்மைதான். அந்த வரிகள் வேர்ட்பிரஸ் ஆவணத்திலேயே இருக்கின்றன, ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் தளங்களுக்காகவே கொடுத்தது. ஆனால் ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் நடுவே உள்ள ஓட்டை அப்படியே இருக்கும். அவசரத்துக்கு உள்ளே போக வேண்டுமென்றால் போடலாம், அப்படிப் போட்டால் டபிள்யூபி-செட்டிங்ஸை அழைக்கும் கடைசி வரிக்கு மேலே போட வேண்டும். கோப்பின் அடியில் ஒட்டிவிட்டு வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் உண்டு. அதேபோல முதல் வரிக்கு முன்னால் ஒரு வெற்றிடம் விழுந்தாலும் போச்சு, குக்கி தடுக்கப்பட்டது என்று புதுப் பிழை கிளம்பும்.

பூங்கார்:
சார், லாகின் ஆகிவிட்டது! ப்ராக்ஸியை அணைத்து, சான்றிதழ் வாங்கி, ஃபுல் ஸ்ட்ரிக்ட் வைத்தேன். மூன்று வரி போடவில்லை. மிக்க நன்றி. ஆனால் பழைய பதிவுகளில் சில படங்களின் முகவரி இன்னும் எச்டிடிபி என்றே இருக்கிறது. டேட்டாபேஸ் பிழையும் இன்று காலை மறுபடி வந்தது.

லினக்ஸ்வாத்தியார்:
பட முகவரிகள் பதிவின் உள்ளடக்கத்தில் எழுதப்பட்டிருக்கும், செட்டிங்ஸ் மாற்றினால் மாறாது. டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கருவியில் தேடி மாற்றும் கட்டளை இருக்கிறது, முதலில் ட்ரை ரன் விருப்பத்தோடு ஓட்டினால் எத்தனை இடம் மாறும் என்று மட்டும் காட்டும். பேக்கப் எடுத்துவிட்டு நிஜமாக ஓட்டுங்கள். பிஎச்பி மைஅட்மினில் நேரடியாக ரீப்ளேஸ் செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் சில அமைப்புகளை எழுத்தின் நீளத்தையும் சேர்த்துச் சேமிக்கிறது, எச்டிடிபியில் ஒரு எழுத்து கூடினாலே நீளக் கணக்கு தப்பி விட்ஜெட், தீம் அமைப்புகள் காணாமல் போகும்.

இனி இரண்டாவது கோளாறு. கெர்னல் லாக்கில் அவுட் ஆஃப் மெமரி என்று தேடுங்கள், டிமெசேஜ் கட்டளையில் கிடைக்கும். அப்புறம் வேர்ட்பிரஸின் பிஎச்பி நிரலை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் பூல் கோப்பில் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் எத்தனை பிஎச்பி செயல்முறைகள் ஓடலாம் என்ற வரம்பு) என்ன மதிப்பு என்று சொல்லுங்கள். டிஎஃப் கட்டளையில் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், டிஸ்க் நிரம்பினாலும் டேட்டாபேஸ் இப்படித்தான் மக்கர் பண்ணும்.

பூங்கார்:
டிஸ்கில் பாதிக்கு மேல் காலி. லாக்கில் அவுட் ஆஃப் மெமரி, கில்டு ப்ராசஸ், மரியாடிபிடி என்று பல இடங்களில் இருக்கிறது. மேக்ஸ் சில்ட்ரன் 50. தளம் வேகமாக ஓட வேண்டுமானால் கூட்டி வைக்க வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னதால் வைத்தது.

லினக்ஸ்வாத்தியார்:
1 ஜிபி ராமில் 50 என்பது, பத்துப் பேர் சாப்பிட உட்காரும் பந்தியில் ஐந்நூறு இலை போடுவது மாதிரி. ஒரு பிஎச்பி செயல்முறை வேர்ட்பிரஸை ஏற்றினால் ஏறத்தாழ 50 எம்பி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 50க்கு இரண்டரை ஜிபி. இல்லாத ராமை எங்கிருந்து தரும்? கெர்னல் அதிகமாகத் தின்பவனைப் பார்த்து வெட்டும், பெரும்பாலும் மாட்டுவது மரியாடிபி. சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி அதைச் சில நொடிகளில் திரும்ப எழுப்பிவிடுகிறது, அதனால்தான் உங்களுக்குத் தானாகச் சரியானது போலத் தெரிந்தது.

லாகின் சுழற்சியும் இதை மோசமாக்கியிருக்கும். ஒவ்வொரு ரீடைரக்டும் முழு வேர்ட்பிரஸையும் எழுப்பித்தான் நடக்கிறது. நீங்கள் ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்தால் சர்வர் 20 தடவை வேலை செய்கிறது.

மேக்ஸ் சில்ட்ரனை உபுண்டுவில் முதலில் இருந்த 5க்கே கொண்டுவாருங்கள். உங்கள் தளத்துக்கு அது போதும். கூடவே ராம் போதாதபோது டிஸ்கில் இடம் தரும் 2 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்று உருவாக்குங்கள், அனுமதி 600 வைத்து, எஃப்ஸ்டேபில் ஒரு வரி சேர்த்தால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் இருக்கும். பிஎச்பி-எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் என்ஜின்எக்ஸின் அக்சஸ் லாக்கைத் திறந்து பாருங்கள். லாகின் பக்கத்துக்கும், வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸோடு பேசும் எக்ஸ்எம்எல்ஆர்பிசிக்கும் போஸ்ட் கோரிக்கைகள் வரிசையாக வருகின்றனவா?

பூங்கார்:
ஆமாம் சார், நூற்றுக்கணக்கில்! யாரோ எங்கள் தளத்தைக் குறிவைத்திருக்கிறார்களா? ஃபெயில்2பேன் போட்டு அந்த ஐபிகளை அடைக்கட்டுமா?

லினக்ஸ்வாத்தியார்:
யாரும் குறிவைக்கவில்லை, இணையத்தில் வேர்ட்பிரஸ் என்று தெரிந்த எல்லாக் கதவையும் தட்டிப் பார்க்கும் ரோபாட்கள் அவை. ஆனால் ஃபெயில்2பேனை அப்படியே போடாதீர்கள், மூன்றாவது கோளாறை நீங்களே வாங்கிக்கொள்வீர்கள். ப்ராக்ஸி முன்னால் இருப்பதால் உங்கள் லாக்கில் தெரியும் ஐபிகள் ப்ராக்ஸியுடையவை. அவற்றை அடைத்தால் உங்கள் வாசகர்களையும் சேர்த்து அடைத்ததாகிவிடும், அதுவும் ஊருக்கு ஊர் வேறுமாதிரி, சிலருக்குத் தளம் வரும் சிலருக்கு வராது. கண்டுபிடிக்கப் பாடாய்ப் படுவீர்கள். முதலில் என்ஜின்எக்ஸில் ரியல் ஐபி அமைப்பைச் செய்து லாக்கில் உண்மையான ஐபி வரவையுங்கள். அதற்கு மேல் லாகின் முகவரிக்கு லிமிட் ரிக்வெஸ்ட் (கோரிக்கை வேகத்துக்கு வரம்பு) வைத்தாலே போதும், ஃபெயில்2பேன் தேவைப்படாது. எக்ஸ்எம்எல்ஆர்பிசியை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் மொத்தமாக மூடிவிடலாம்.

பூங்கார்:
வயலில் இருந்தபடி போனில் வேர்ட்பிரஸ் செயலி வழியாகத்தான் படம் ஏற்றுகிறோம். அதற்கு அது வேண்டுமா?

லினக்ஸ்வாத்தியார்:
அப்படியென்றால் மூடாதீர்கள். சொந்த சர்வர் தளங்களோடு பேச அந்தச் செயலி வெகுகாலமாக எக்ஸ்எம்எல்ஆர்பிசியைத்தான் நம்பியிருந்தது. அதற்கும் லிமிட் மட்டும் வையுங்கள்.

கடவுச்சொல் மெயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல விபிஎஸ் நிறுவனங்கள் 25ஆம் போர்ட்டை அடைத்தே தருகின்றன, சர்வரிலிருந்து மெயில் கிளம்பவே கிளம்பாது. எஸ்எம்டிபி பிளக்இன் ஒன்று போட்டு 587 வழியாக ஒரு மெயில் கணக்கோடு இணையுங்கள்.

தேனிக்காரன்:
நடுவில் என் சந்தேகம் ஒன்று. தமிழில் நீளமாகத் தலைப்பு வைத்தால் என் தளத்தில் முகவரி பாதியிலேயே வெட்டுப்படுகிறது. இதுவும் சர்வர் பிரச்சினையா?

லினக்ஸ்வாத்தியார்:
இல்லை. முகவரிக்கு டேட்டாபேஸில் 200 எழுத்துதான் இடம். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு சேர்த்து 9 எழுத்தாக மாறுகிறது, கி என்றால் கவும் கொக்கியும் தனித்தனி, மொத்தம் 18. ஆக 22 குறிகளுக்குள் முடிந்துவிடும். ஸ்லக்கை (முகவரியில் வரும் பதிவின் பெயர்) மட்டும் கையால் சுருக்கிவிடுங்கள், தலைப்பு நீளமாகவே இருக்கலாம். ஏற்கெனவே பகிர்ந்த பழைய பதிவுகளுக்குப் பயப்பட வேண்டாம், ஸ்லக்கை மாற்றினால் பழைய முகவரியை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துத் திருப்பிவிடும்.

பூங்கார்:
மேக்ஸ் சில்ட்ரன் 5, ஸ்வாப், லிமிட் மூன்றும் செய்துவிட்டேன். அதற்குப் பிறகு லாக்கில் மரியாடிபி வெட்டுப்படவில்லை. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா சார்?

லினக்ஸ்வாத்தியார்:
இரண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள், செர்ட்பாட் தானே புதுப்பிக்கும். ப்ராக்ஸி போட்ட பிறகும் அது நடக்கிறதா என்று ரினியூ கட்டளையை ட்ரை ரன்னோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அடுத்தது, எந்த வீடியோவையாவது பார்த்து பிழைகளைக் கோப்பில் எழுதும் டபிள்யூபி டீபக் லாக்கை ஆன் செய்திருந்தால் அணைத்துவிட்டு, டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டரில் இருக்கும் டீபக்.லாக் கோப்பை அழித்துவிடுங்கள். முகவரி தெரிந்த எவரும் பிரவுசரிலேயே அதைத் திறந்து படிக்கலாம்.

பூங்கார்:
ஆன் செய்துதான் இருந்தது. அழித்துவிட்டேன். ரினியூ ட்ரை ரன்னும் வெற்றி என்று வந்தது.