மில்லிங் மெஷினுக்குப் ‘பல்லுளிப் பொறி’: ஒரு முன்மொழிவு

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மில்லிங் மெஷின் என்பது, பல் வைத்த ‘கட்டர்’ என்னும் வெட்டுக்கருவியைச் சுழற்றி இரும்பைச் சீவும் எந்திரம். கார் நிறுவனங்கள் முற்காலத்தில் செய்து விற்ற மில்லிங் மெஷின்களைப் பற்றிய கட்டுரைக்காக நான் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். ‘அரவை எந்திரம்’, ‘துருவல் எந்திரம்’ என்னும் இரண்டைத் தந்தீர்கள். அரவை என்றால் எங்கள் இராமநாதபுரத்தில் முண்டு மிளகாய் அரைக்கும் மில்தான் எவருக்கும் நினைவுக்கு வரும், அதை விட்டுவிடலாம். துருவல் அப்படி எளிதில் தள்ளக்கூடிய சொல் அன்று. பல்லின் வேலையை அது சரியாகச் சொல்கிறது. ஆயினும் தேங்காய் துருவும்போது பல் அசையாமல் நிற்க, மூடியைத்தான் நாம் திருப்புகிறோம். மில்லிங்கில் கட்டர் சுழன்றுகொண்டிருக்க, டேபிளில் இறுக்கிய இரும்பு மெல்ல நகர்ந்து அதன் பல்லுக்கு வருகிறது.

மண்டபத்தில் விசைப்படகு வேலை பார்க்கும் பட்டறை ஒன்றில், புரொப்பல்லர் தண்டுக்குக் ‘கீவே மில்லிங்’ போடுவதை, அதாவது ஆப்புச் செருகும் காடியை வெட்டுவதை, அருகிலிருந்து பார்த்தேன். லேத்தில் கடையும்போது இரும்பு நீண்ட சுருளாக வரும். இங்கே டேபிளில் உதிர்ந்தவையோ, காற்புள்ளியைப் போல் வளைந்த தனித்தனித் துணுக்குகள். ஒவ்வொரு பல்லும் ஓர் உளியாக நின்று, தன் முறை வரும்போது ஒரு சீவல் சீவி விலகுகிறது. ஆகவே கட்டரைப் ‘பல்லுளி’ என்றும், எந்திரத்தைப் ‘பல்லுளிப் பொறி’ என்றும் அழைக்கலாம் என்பது என் கருத்து. ‘சுழலுளி’ என்றால் டிரில்லோடு குழம்பிவிடும்.

இச்சொல் கட்டுரையில் நன்றாகவே பொருந்துகிறது. 1862இல் ஜோசப் பிரவுன் வடிவமைத்த யுனிவர்சல் மில்லிங் மெஷின், டிரில் பிட்டின் முறுக்குக் காடியை வெட்டுவதற்கென்றே பிறந்தது. அதன் டேபிள் கோணம் திரும்பும் என்பதால் ‘திருப்புமேசைப் பல்லுளிப் பொறி’ எனலாம். பிரவுனின் நிறுவனமான பிரவுன் அண்டு ஷார்ப்பில் தொழில் பழகிய ஹென்றி லேலண்டு பின்னர் காடிலாக் கார் நிறுவனத்தை நிறுவினார். 1908இல் மூன்று காடிலாக் கார்களைப் பிரித்து, உறுப்புகளை ஒன்றாகக் கலந்து, மீண்டும் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். உறுப்புகள் அச்சுப் பிசகாமல் வெட்டப்பட்டிருந்ததால்தான் அது இயன்றது.

கட்டுரையின் நாயகன் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்து வாண்டரர். 1885இல் மிதிவண்டித் தொழிலில் தொடங்கிய அந்நிறுவனம் கார், தட்டச்சுப்பொறி, மில்லிங் மெஷின் எல்லாம் செய்தது. 1932இல் அதன் கார்ப் பிரிவு ஆட்டோ யூனியனில் சேர்ந்தது. இன்றைய ஆடி கார்களின் நான்கு வளையங்களில் ஒன்று வாண்டரருக்கு உரியது. மில்லிங் மெஷின் பிரிவோ தாய் நிறுவனத்திலேயே நின்றது.

‘பல்லுளி’ என்று சொன்னதும் மண்டபத்துப் பட்டறைக்காரர், “கட்டரத்தானே சொல்றீங்க?” என்று தாமே கேட்டார். முனையிலும் பல் உள்ள, விரல் போன்ற கட்டராகிய எண்டு மில்லுக்கு ‘விரற்பல்லுளி’ என்று குறித்து வைத்திருக்கிறேன்; ‘முனைப்பல்லுளி’ மேலா என்பதைப் பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.