நிறுத்தி வைத்த காரை இடித்துவிட்டுப் போய்விட்டார்கள்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம்

போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண வீடு. மண்டபத்துக்குள் கார் விட இடமில்லை. பக்கத்துத் தெருவில் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டுப் போனோம். அப்போது மணி 8.10. பந்தி முடிந்து 10.30-க்கு வந்து பார்த்தால் வலது பக்கத்துப் பின்கதவும், அதற்கு அடுத்த தகடும் உள்ளே போயிருக்கின்றன. பின்விளக்கு உடைந்து ரோட்டில் கிடக்கிறது. இடித்த ஆளையும் காணோம், வண்டியையும் காணோம்.

ஒன்பது வருடப் பழைய கார்தான். ஆனால் அம்மாவை வாரம் இரண்டு நாள் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது அதில்தான். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. "நாம இந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கவே வேண்டாம்" என்றார்கள். எனக்கு அந்த வார்த்தைதான் நெடுநேரம் உறுத்தியது.

காரை எடுக்காமல் முதலில் படம் எடுத்தேன். தூரத்திலிருந்து தெரு தெரிகிற மாதிரி ஒன்று, நம்பர் பிளேட்டோடு ஒன்று, அடிபட்ட இடத்தை நெருக்கத்தில் நாலைந்து. அப்படிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன், பள்ளம் என் இடுப்பு உயரத்தில் இருந்தது. கார் பம்பர் இடித்தால் அவ்வளவு உயரத்தில் படாது. ஓரத்தில் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. சரக்கு வண்டியின் பின்பலகையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

தெருமுனையில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஆச்சியிடம் போய்க் கேட்டேன். "ஏய்யா, ஒன் வண்டியா அது? சாமியானா கம்பு ஏத்துன குட்டியானைல்லா பின்னால எடுக்கும்போது இடிச்சிட்டுப் போனான். எறங்கிப் பாத்தான், சுத்திமுத்தும் பாத்தான், போயிட்டான்" என்றார்கள். நம்பர் பார்க்கவில்லை. சரி, எதிரே ஒரு செல்போன் கடையில் கேமரா இருந்தது. கடை அண்ணாச்சி முதலில் தயங்கினார். அவரைக் கூட்டிப்போய்க் காரைக் காட்டிய பிறகு அவரே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். 9.22-க்கு நீலக் குட்டியானை, நம்பர் முழுசாகத் தெரியவில்லை, 72-ம் கடைசி இரண்டு எண்ணும் தெரிந்தன. 72 என்றால் நம்ம திருநெல்வேலிப் பதிவு. அந்தக் கடைப் பெட்டியில் பத்து நாள் பதிவுதான் நிற்குமாம், அதன்பின் பழையது அழிந்து புதியது ஏறிவிடும். அன்றைக்கே பென்டிரைவில் வாங்கி வைத்துக்கொண்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போயிருந்தால் அந்த ஆச்சியையும் பார்த்திருக்க மாட்டேன்.

மண்டப மேனேஜரிடம் பந்தல் போட்டவர் யார் என்று கேட்டால் சொல்லிவிடுவார் என்று தெரியும். ஆனாலும் முதலில் காவல் நிலையத்துக்குத்தான் போனேன். நேரே போய்ச் சத்தம் போட்டால் "என் வண்டி இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். எழுதிக் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள், அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு. யாருக்கும் காயமில்லை, வெறும் பொருள் சேதம் என்றால் பெரும்பாலும் இந்த ரசீதோடுதான் தொடங்குகிறது. எஃப்.ஐ.ஆர். இல்லையே என்று அங்கே மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். என் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் அந்த ரசீதே போதும் என்றார்கள்.

மறுநாள் பந்தல்காரரும் டிரைவர் பையனும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். "மொதலாளி சம்பளத்துல பிடிச்சிருவாருன்னு பயந்துட்டேன் சார்" என்றான். தலை நிமிரவே இல்லை. டிங்கரிங், பெயிண்டிங், பின்விளக்கு எல்லாம் சேர்த்து 13,500 ரூபாய் எஸ்டிமேட். பந்தல்காரர் 10,000 தந்தார். பையன் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சரி என்று எல்லார் முன்னாலும் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டுப் புகாரை முடித்தோம்.

கிளைம் போட்டிருக்கலாமே என்று மச்சான் கேட்டான். போட்டுப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். 1500 சிசிக்கு உட்பட்ட கார் என்பதால் முதல் 1,000 ரூபாய் நம் கையிலிருந்து. பெயிண்ட் பொருளில் பாதி, பிளாஸ்டிக் பாகத்தில் பாதி தேய்மானம் என்று கழிப்பார்கள். கைக்கு 9,000 சொச்சம் வரும். மூன்று வருடம் கிளைம் கேட்காததால் எனக்கு இப்போது நோ கிளைம் போனஸ், அதாவது பிரீமியத்தில் தள்ளுபடி, 35 சதவீதம். அடுத்த வருடம் 45, அதற்கு அடுத்து 50. ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்திலிருந்து 20, 25, 35 என்று மறுபடி ஏற வேண்டும். வண்டிச் சேதத்துக்கான என் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் சுமார் 5,000. அது அப்படியே இருந்தால் ஐந்து வருடத்தில் 6,000 ரூபாய் இழப்பு. பெரிய சேதமென்றால் யோசிக்காமல் போடுங்கள். 5,000, 6,000 ரூபாய் வேலைக்கு ஒரு தாளில் கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தென்காசி

குற்றாலம் சீசனில் எனக்கு நடந்தது. ஐந்தருவி போகிற ரோட்டோரம் நிறுத்தியிருந்தேன். குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தால் முன்பம்பர் தொங்குகிறது, ஒரு ஹெட்லைட் இல்லை. டீக்கடைக்காரர் நம்பரை சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தார். அந்த மனுஷருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

நம்பர் இருக்கிறதே, இனி என்ன என்று நினைத்தேன். அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் வண்டி விவரம் வந்தது, சொந்தக்காரர் பெயர் பாதி எழுத்து மறைத்துத்தான் வந்தது. முகவரி கிடையாது. போலீஸ் மூலமாகத்தான் பேச முடிந்தது. வெளி மாவட்டத்துக்காரர். ஒரு முறை எடுத்துப் பேசினார், வருகிறேன் என்றார், அதோடு சரி.

என் பாலிசி வெறும் தேர்டு பார்ட்டி. அது நான் அடுத்தவருக்குச் செய்யும் சேதத்துக்குத்தான், என் வண்டிக்கு ஒரு பைசா வராது. அவருடைய தேர்டு பார்ட்டி பாலிசியில் கேட்கலாம், அதற்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னார். கார் போன்ற பொருள் சேதத்துக்கும் அங்கே கேட்க வழி இருக்கிறது. 11,000 ரூபாய்க்கு அலைய எனக்குத் தெம்பில்லை, விட்டுவிட்டேன். விட்டது தப்பு என்று இப்போதும் தோன்றுகிறது.

இன்னொன்று. வண்டி இடித்துவிட்டு ஓடிவிட்டால் அரசு இழப்பீடு உண்டு என்று பலர் சொல்வார்கள். அது உயிர்ச்சேதத்துக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டும். காருக்குக் கிடையாது. அதை நம்பி நான் பத்து நாள் வீணாக்கினேன்.

மேலப்பாளையம், டிங்கரிங் வேலை

இருபது வருடமாகத் தகடு தட்டுகிறேன். என்னிடம் வருகிற வண்டியில் பாதிக்குப் பாதி, கேட்டால் "நிறுத்தி வச்சிருந்தேன், எவனோ இடிச்சிட்டான்" என்பார்கள்.

முதலில் கழுவிப் பாருங்கள், ஆனால் படம் எடுத்த பிறகு. கோடு மாதிரித் தெரிவதெல்லாம் கீறல் இல்லை. எதிர் வண்டியின் பெயிண்ட் மேலே ஒட்டியிருக்கும், ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் போய்விடும். நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டுகிறதா பாருங்கள். மாட்டினால் ஆழமான கீறல், பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும்.

பம்பர் வெளியே பார்க்க நன்றாக இருப்பது போலத் தெரியும். உள்ளே கிளிப் உடைந்திருக்கும், பார்க்கிங் சென்சார் நகர்ந்திருக்கும். கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சக்கரத்தில் பட்டிருந்தால் அலைன்மெண்ட் பார்க்காமல் நான்கு வழிச்சாலையில் ஏறாதீர்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

தகடு நசுங்கிப் பெயிண்ட் வெடித்திருந்தால் தள்ளிப் போடக் கூடாது. திசையன்விளை, உவரிப் பக்கத்து வண்டிகளில் நான் பார்க்கிறேன், கடல் காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும், துரு பிடித்து உள்ளே இறங்கிவிடும். அப்புறம் பட்டி வைத்து மூடினாலும் ஒரு வருடத்தில் கொப்பளிக்கும். பணம் இல்லையென்றால் வெடித்த இடத்தில் பிரைமராவது அடித்து வையுங்கள். கேட்டால் பட்டறையில் அடித்துத் தருவார்கள்.

திருநெல்வேலி டவுன்

நீங்கள் எல்லாம் இடிபட்டவர்கள். நான் இடித்தவன். ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் என் மாமியாருக்கு ராத்திரி நெஞ்சுவலி. காரில் படுக்க வைத்துக் கொண்டுபோகிறேன். ஆஸ்பத்திரி வாசலில் திருப்பும்போது நின்றிருந்த ஒரு வெள்ளைக் காரின் கதவை முழுக்க உரசிவிட்டேன். சத்தம் கேட்டது. இறங்கவில்லை. மாமியாரை உள்ளே சேர்த்துவிட்டு, விடியும்போதுதான் நினைவு வந்தது. ஓடி வந்து பார்த்தேன், கார் இல்லை. செக்யூரிட்டியிடம் கேட்டேன், தெரியவில்லை. அந்தக் காரிலும் ஒரு பெரியவர் நோயாளியைக் கூட்டி வந்திருப்பார், அந்த ராத்திரியில் அவருக்கும் எத்தனை கவலையோ.

பிறகுதான் தெரிந்தது, அப்போதும் வழி இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவு, ஆளுக்குக் காயம் என்றால் மட்டுமில்லை, அடுத்தவர் பொருளுக்குச் சேதம் என்றாலும் பொருந்தும். பக்கத்தில் போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த வெள்ளைக் காரின் சொந்தக்காரர் புகார் கொடுத்திருந்தால் நான் போய்ச் சொன்னது அவரிடம் சேர்ந்திருக்கும். நான் போகவில்லை.

போன ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் கீழரத வீதியில் பின்னால் எடுக்கும்போது ஒரு கார் பம்பரில் பட்டது. முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். ஆள் வரவில்லை. என் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், பட்ட நேரம் எல்லாம் எழுதி, பாலித்தீன் பைக்குள் போட்டு வைப்பருக்குக் கீழே வைத்தேன். பக்கத்துப் பாத்திரக் கடையிலும் ஒரு சீட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் போன் வந்தது. ஒரு அக்கா பேசினார்கள். 2,200 ரூபாய் ஆயிற்று, அனுப்பினேன். "நான் கூடப் பாத்திருக்க மாட்டேன் தம்பி" என்றார்கள்.

கேடிசி நகர்

எங்கள் அபார்ட்மெண்டுக்குள்ளேயே என் காரை இடித்துவிட்டுப் போனார்கள். கேமராப் பதிவைக் கேட்டால், மற்ற குடித்தனக்காரர்கள் நடமாட்டம் எல்லாம் அதில் இருக்கிறது, தனி ஆளுக்குத் தர முடியாது என்றார்கள். முதலில் கோபம் வந்தது. யோசித்தால் அதுவும் நியாயம்தான். அழிந்துவிடாமல் எடுத்து வைத்து, போலீஸ் கேட்டால் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டேன். அது நடந்தது.

புகார் எழுதத் திணறியதால் சொல்கிறேன். காரை விட்ட நேரம், கடைசியாகச் சேதமில்லாமல் பார்த்த நேரம், சேதத்தைப் பார்த்த நேரம், இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். நான் ஒரே நேரத்தை எழுதியதால் எட்டு மணி நேரப் பதிவைப் பார்க்க வேண்டியதாயிற்று. இடித்தவர் மூன்றாவது மாடி. இப்போதும் லிஃப்டில் பார்க்கிறோம். பணம் கொடுத்துவிட்டார், பேச்சு மட்டும் இன்னும் இல்லை.

பாளையங்கோட்டை, பெருமாள்புரம்

எல்லாருக்கும் நன்றி. டவுன்காரர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரெண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது. வண்ணார்பேட்டைப் பக்கம் போனபோது அண்ணாச்சி கடையில் நிறுத்தி நன்றி சொல்லிவிட்டு, ஆச்சியிடம் நாலு முழம் மல்லிகை வாங்கினேன். ஆள் கிடைத்துவிட்டான் என்றேன். பூவைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "சின்னப் பையன்லா, ரொம்ப ஏசிப்புட்டியோ?" என்று கேட்டார்கள். இல்லை ஆச்சி என்றேன்.