யூரோடிரான்ஸ்பிளான்ட் (தானமாகக் கிடைக்கும் உடல் உறுப்புகளை ஐரோப்பிய நாடுகள் சில பகிர்ந்துகொள்ளும் அமைப்பு) காத்திருப்போர் பட்டியலில் இருக்கும்போது நாடு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. என் அத்தான் ஜெர்மனியில் டயாலிசிஸில் இருக்கிறார், சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறார். வேலை இப்போது அவரை நெதர்லாந்துக்கு இழுக்கிறது. அக்காவுக்கு ஒரே கவலை: இத்தனை காலம் காத்திருந்தது வீணாகிவிடுமா?

இரண்டு நாடுகளும் யூரோடிரான்ஸ்பிளான்ட்டில்தான் இருக்கின்றன. 1967-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் தொடங்கிய அமைப்பு, இன்று 8 நாடுகள். திசுப் பொருத்தம், காத்திருந்த காலம், தூரம் என்று பலவற்றுக்கும் புள்ளி போட்டுத்தான் சிறுநீரகம் யாருக்கு என்று முடிவாகிறது. நாடுகளுக்கு இடையே கொடுக்கல் வாங்கல் கணக்கும் பார்க்கிறார்கள். அதுவும் நியாயம்தான். தானத்துக்கான சட்டம் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் இறந்தவரோ குடும்பமோ சம்மதித்தால்தான் தானம். ஆஸ்திரியாவில் மறுப்பு பதிவு செய்யாதவர் எல்லாரும் கொடையாளர்தான். இருந்தும் பட்டியல் பொது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த 8 நாடுகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். டயாலிசிஸ் தொடங்கிய தேதியை புதிய மருத்துவமனை அப்படியே ஏற்றுக்கொண்டதா? பழைய மையத்திலிருந்து என்னென்ன தாள்கள் வாங்கினீர்கள்? இடைப்பட்ட நாட்களில் அழைப்பு வந்தால் எடுக்க முடிகிற நிலையில் பெயர் இருந்ததா, இல்லை நிறுத்தி வைத்தார்களா? காப்பீடு மாற்றுவதில் ஏதாவது இழுபறி உண்டா?

மருத்துவர்களிடமும் கேட்கத்தான் போகிறோம். அதற்கு முன், அனுபவப்பட்டவர்கள் சொன்னால் என்ன கேட்பது என்றாவது தெரியும். சொந்த விவரங்களைப் பொதுவில் எழுத வேண்டாம், தனிச்செய்தி போதும்.